பிள்ளைகளுக்கு ஒரு பங்கு: வேலூரில் கைவினை நகைத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் வீட்டு மொட்டைமாடியில் நாலு பெண்கள் சேர்ந்து மண் நகையும் நூல் வளையலும் செய்கிறோம். விற்கும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தொகை பள்ளிப் பிள்ளைகளுக்குப் போகிறது. கடை போட்ட இடத்திலும் பயிற்சி வகுப்பிலும், சில நாள் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலும்கூட, "அக்கா, நானும் இப்படி ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களின் கேள்விகள் இவை. பதில்களில் சிலவற்றை முதலில் தப்பாகச் சொல்லி, பிறகு பட்டுத் தெரிந்து திருத்திக்கொண்டேன்.

எவ்வளவு பணம் இருந்தால் தொடங்கலாம்?

ஐயாயிரம் ரூபாய் போதும். நான் தொடங்கியது அதற்கும் குறைவில். தட்டை மூக்குக் குறடு ஒன்று, உருண்டை மூக்குக் குறடு ஒன்று, கம்பி வெட்டும் கட்டர், பி-7000 பசை, ஊசி, நூல், கொக்கி, சின்ன வளையங்கள். மீதிக்கு மணியோ மண்ணோ வாங்கிக்கொள்ளலாம். அச்சு மெஷின், டப்பா அச்சடிக்கும் ஆர்டர், பெயர்ப்பலகை எல்லாம் முதல் நூறு ஜோடி விற்ற பிறகு. முத்ரா கடனில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். ஆனால் கையில் ஆர்டர் இல்லாதபோது கடன் வாங்கினால் பிள்ளைகளுக்கு என்று எடுத்துவைத்த பணம்தான் முதலில் தவணைக்குப் போகும். இது சத்தியம்.

எந்த வகை நகை செய்வது? யூடியூபில் எல்லாரும் சில்க் த்ரெட் வளையல்தான் செய்கிறார்கள்.

அதனால்தான் அதில் லாபம் இல்லை. எல்லாரும் செய்வதைச் செய்தால் எல்லாரும் சொல்லும் விலைக்குத்தான் விற்க முடியும். நம் ஊரைச் சுற்றி என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழில். ஷூவுக்கும் பைக்கும் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை எடைபோட்டு விற்கிறார்கள். உள்ளங்கை அளவுத் துண்டில் இரண்டு ஜோடி தொங்கட்டான் வெட்டலாம். குடியாத்தத்தில் கைலி நெசவு, ஆரணியில் பட்டு. தறியில் மிஞ்சும் துணியையும் நூலையும் மரமணி மேல் சுற்றினால் கடையில் கிடைக்காத நிறச்சேர்க்கை வரும். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி இருக்கிறது. அங்கே பளபளப்புப் பூச்சு போட்ட மண்பாண்டத்துக்குப் பேர். மண்ணின் குணம் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது சென்னையிலிருந்து பாக்கெட் களிமண் வாங்குவானேன்?

வடிவத்துக்கும் வெளியே போக வேண்டாம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளியும் குதிரையும் எத்தனை! ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து வரைந்தோம். அந்த யாளி முகம் போட்ட ஜிமிக்கிதான் இன்றைக்கும் எங்களுக்குச் சோறு போடுகிறது. 'நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்' என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். கேலி மட்டும் போகவில்லை.

தோல் தோட்டில் ஒரு எச்சரிக்கை. கோயில் வாசலில் அது விலைபோகாது. கல்லூரிப் பிள்ளைகளிடம் போகும். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் சிலருக்கு அரிப்பு தரும். அதனால் காதில் ஒட்டும் திருகுத் தோடாகச் செய்யாமல் கொக்கியில் தொங்கவிடுங்கள். பின்பக்கம் துணி ஒட்டுங்கள்.

மண் நகை சுடும்போது வெடித்துவிடுகிறதே?

நம் ஊர் வெயில்தான் முதல் எதிரி. சித்திரை மாதம் நாற்பது ஜோடி ஜிமிக்கி செய்து, சீக்கிரம் காயட்டும் என்று மாடியில் வைத்தேன். மேல்தோல் காய்ந்தது, உள்ளே ஈரம் அப்படியே நின்றது. அடுப்பில் வைத்ததும் பட்டாசு மாதிரி ஒவ்வொன்றாக வெடித்தது. ஏழுதான் தேறியது. அதுவும் ஜோடி சேராமல்.

இப்போது செய்வது இப்படி: மண்ணை இரண்டு நாள் ஊறவைத்து, கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுகிறோம். கல், வேர் எதுவும் இருக்கக் கூடாது. தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, மண் கெட்டியானதும் சப்பாத்தி மாவை விட அதிகமாகப் பிசைய வேண்டும். உள்ளே காற்று மாட்டினால் அதுவும் வெடிக்கும். உருவம் செய்தபிறகு செய்தித்தாள் மூடி, நிழலில், காற்று வேகமாக அடிக்காத அறையில் நாலைந்து நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். கடைசி நாள் மட்டும் இளவெயிலில் ஒரு மணி நேரம். சுடுவதற்கு ஒரு பழைய மண்பானை, உமி, வரட்டி போதும். முதல் அரை மணி நேரம் தீயை அடக்கி வைக்க வேண்டும். பிறகுதான் ஏற்றுவது. காற்று நன்றாகப் போனால் சிவப்பாக வரும். மூடி புகையில் அமுக்கினால் கறுப்பாக வரும். கறுப்புக்குப் பெயின்ட் தேவையே இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான். வாங்குகிறவர்களுக்குச் சிவப்பு.

வாங்கியவர் காது புண்ணாகிவிட்டது என்கிறார். என் தப்பா?

பெரும்பாலும் கொக்கியின் தப்பு. கொக்கியைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள் என்பதால் உங்கள் தப்பும்தான். மலிவுக் கொக்கிகளில் நிக்கல் கலந்திருக்கும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காது சிவந்து நீர் வடியும். 'ஜெர்மன் சில்வர்' என்று விற்பதில் வெள்ளி ஒரு குண்டுமணிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூடுதல். அதைப் போடுங்கள். புண்ணானவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கொக்கி மாற்றியும் கொடுத்துவிடுங்கள். வாதாட வேண்டாம்.

இன்னொன்று. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மணி கோத்த எதையும் விற்காதீர்கள். நூல் அறுந்தால் மணி வாய்க்குள்தான் போகும். பெயின்டிலும் மலிவு உலோக மணியிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சின்னப் பிள்ளைகள் நகைக்கு ஈயம் இல்லாதது என்று போட்ட பெயின்ட் மட்டும். பிள்ளைகளுக்காக என்று சொல்லித் தொழில் செய்துவிட்டு, அதே பிள்ளைகள் வாயில் ஈயத்தை வைத்தால் எப்படி?

தங்கம், வெள்ளி சேர்க்கலாமா?

தங்கம் வேண்டாம். ஹால்மார்க், ஆறு எழுத்து அடையாள எண் என்று அது வேறு உலகம். வேலூர் லாங் பஜாரில் தலைமுறையாக நகைக்கடை வைத்திருப்பவர்களோடு போட்டி போட நம்மால் ஆகாது. வெள்ளிக் கொக்கி மட்டும் கேட்பவர்களுக்கு 925 (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி) வாங்கிப் போட்டுத் தரலாம். வெள்ளி விலை தினம் ஏறி இறங்குவதால் அதற்குத் தனிக் கணக்கு.

மணி, கொக்கி எல்லாம் எங்கே வாங்குவது?

அவசரத்துக்கு லாங் பஜார். மொத்தமாக என்றால் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, சௌகார்பேட்டை, பாரிமுனைத் தெருக்கள். காலையில் போனால் ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். கால் கிலோ, அரை கிலோ என்று எடையில்தான் தருவார்கள். பட்டியல் எழுதாமல் போகாதீர்கள். அங்கே போனால் கண் பறக்கும். நான் ஒருமுறை வாங்கிய ஊதாக் கண்ணாடி மணி இன்னும் டப்பாவில் தூங்குகிறது. பாசிமணி மாலையைப் பொறுத்தவரை, நரிக்குறவர் பெண்கள் கோக்கும் வேகமும் நேர்த்தியும் நமக்கு வராது. அவர்களிடமே கேட்ட விலை கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். பேரம் பேசாதீர்கள், நம்மிடம் பேரம் பேசும்போது நமக்கு எப்படி இருக்கிறது?

விலை எப்படிப் போடுவது? பிள்ளைகளுக்கு எத்தனை சதவீதம்?

இதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் யாளி ஜிமிக்கி ஒரு ஜோடியின் கணக்கு: மண், பெயின்ட், வார்னிஷ் 14 ரூபாய். கொக்கி, வளையம் 8. அட்டை, டப்பா 10. உடைந்துபோவதற்கும் உமி, வரட்டிக்கும் 6. ஒரு மணி நேர வேலைக்குக் கூலி 60. பஸ், போன், கடை போடும் இடத்து வாடகை என்று 12. ஆக அடக்கம் 110. முதல் வருஷம் அந்த 60 ரூபாய் கூலியை நான் எழுதவே இல்லை. "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று நினைத்தேன். 70 ரூபாய்க்கு விற்றேன், லாபம் என்று சந்தோஷப்பட்டேன். கூட வேலை செய்ய இன்னொருத்தி வந்து சம்பளம் கேட்டபோதுதான் நான் தினமும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அடக்கம் 110. விலை 180. மிச்சம் 70. இதில் "லாபத்தில் 10 சதவீதம் குழந்தைகளுக்கு" என்று அட்டையில் போட்டால் எவ்வளவு போகிறது? ஏழு ரூபாய். வாங்குகிறவர் மனதில் என்ன ஓடும்? 180இல் பத்து சதவீதம், பதினெட்டு ரூபாய் என்று. பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையும் சொல்லவில்லை. அதனால் எங்கள் அட்டையில் சதவீதமே கிடையாது. 'இந்த ஜோடியில் 20 ரூபாய் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு' என்று மட்டும் இருக்கிறது. விற்ற அன்று ராத்திரியே அந்த 20 தனி சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். லாபம் வந்ததா, நஷ்டமா என்பது அந்த 20க்குத் தெரியாது. மண் செலவு மாதிரி அதுவும் ஒரு செலவு.

ஏன் 180 என்று கேட்கலாம். 160க்கே விற்கலாமே? நேரில் விற்றால் சரி. ஆனால் ஒரு கடையில் வைத்து, கடைக்காரர் 25 சதவீதம் எடுத்துக்கொண்டால் 160இல் நமக்கு வருவது 120. அடக்கம் போகப் பத்து ரூபாய். பிள்ளைகளின் 20 எங்கிருந்து வரும்? 180 என்றால் கடை எடுத்தது போக 135. அடக்கம் 110, பிள்ளைகளுக்கு 20, நமக்கு 5. குறைவுதான், ஆனால் யாருக்கும் கடன் இல்லை. நேரில் விற்கும்போது நமக்கு 50 நிற்கிறது. எல்லா இடத்திலும் ஒரே விலை வைத்தால் கடைக்காரரும் கோபிக்க மாட்டார்.

முதல் முறை அச்சடித்த அட்டையில் 'நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் ஏழைக் குழந்தைகளுக்கே' என்று போட்டிருந்தேன். ஒரு பாட்டி கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "ஒவ்வொரு ரூபாயுமா? அப்புறம் நீ எதைச் சாப்பிடுவ?" என்றார். ஐந்நூறு அட்டையையும் அடுப்பில் போட்டேன். சொன்னபடி கொடுக்காவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது தவறான விளம்பரம்கூட. பாட்டிக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது?

பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் "என்ன குறை?" என்று கேளுங்கள். நாம் நினைப்பது ஒன்று, அவர் சொல்வது வேறு. புத்தகம், நோட்டு, சீருடை, பை அரசே தருகிறது. தொடக்கப் பள்ளியில் காலை உணவும் இருக்கிறது. நாங்கள் நோட்டு மூட்டையோடு போய் நின்றபோது டீச்சர் சிரித்துவிட்டு, "மூணு பசங்களுக்குக் கரும்பலகை தெரியலை, கண்ணாடி வாங்கித் தர முடியுமா?" என்றார். அன்றிலிருந்து மூக்குக் கண்ணாடி, வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு உள்ளாடை, மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு, இதுதான் எங்கள் பட்டியல். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வந்தால் இன்னும் நிறையத் தெரியும். பள்ளிக்குத் தருவதைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக, கூட்டக் குறிப்பில் எழுதவைத்துத் தருவது நல்லது. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம்.

பணம் செலவாகாத உதவியும் உண்டு. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாத, அல்லது ஒருவர் மட்டும் இருந்து வறுமையில் தவிக்கும் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய் வழி உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. இதற்கெல்லாம் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதாரில் பெயர் திருத்தம் என்று அலைய வேண்டும். பீடி சுற்றும் அம்மாவுக்கு ஒரு நாள் அலைச்சல் ஒரு நாள் கூலி நஷ்டம். அந்த ஒரு நாள் கூலியையும் ஆட்டோ காசையும் நாங்கள் கொடுத்துக் கூடவே போனோம். எங்கள் சில நூறு ரூபாய் அந்தப் பிள்ளைக்கு வருஷக் கணக்கில் வரும் பணமாக மாறியது. எத்தனை ஜிமிக்கி விற்றால் அது ஈடாகும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டால் சுலபமாக இருக்குமே?

கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் ஒரு காகிதத்தைக் கேட்டுப் பாருங்கள்: 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 41ஆம் பிரிவில் பெற்ற பதிவுச் சான்று. அது இல்லாமல் குழந்தைகளைத் தங்கவைப்பது குற்றம். நல்ல இல்லங்கள் கேட்பதற்கு முன்பே காட்டும். நான் தொடக்கத்தில் எட்டு மாதம் பணம் கொடுத்த ஓர் இடத்தில் ரசீது கேட்டபோதெல்லாம் டீ கொடுத்தார்கள். டீ நன்றாகத்தான் இருந்தது. சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

தீபாவளி அன்றைக்கும் உங்கள் பிறந்தநாளுக்கும் போகாதீர்கள். எல்லாரும் அன்றைக்குத்தான் வருகிறார்கள். ஒரே நாளில் மூன்று வீட்டு பிரியாணி வந்து, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய், சமையலறையில் எந்த மளிகை தீர்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

பிள்ளைகள் படம் போட்டால் நன்றாக விற்குமே அக்கா?

விற்கும். அதனால்தான் போடக் கூடாது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி என்று அடையாளம் தெரியும்படி எதை வெளியிட்டாலும் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பள்ளிப் பெயர்ப்பலகையை விட்டுவைப்பதும் அதே கதைதான்.

சட்டத்தை விடுங்கள். அந்தப் பெண் நாளைக்குக் கல்லூரிக்குப் போவாள். தோழி போனில் பழைய படம் வரும்: 'இவளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம்.' எங்கள் பக்கத்தில் போடுவது கண்ணாடிக் கடை ரசீதும் அந்த மாத வரவு செலவும்தான். வாங்குகிறவர்களுக்கு அது போதவில்லை என்றால், நம் ஜிமிக்கியில் ஏதோ குறை.

பிள்ளைகளுக்கே நகை செய்யக் கற்றுக்கொடுத்து, அதை விற்று அவர்களுக்கே கொடுத்தால்?

நல்ல மனதோடு கேட்கிறீர்கள் என்று தெரியும். வேண்டாம். நம் ஊருக்கு இதில் பழைய கணக்கு இருக்கிறது. பழைய வட ஆற்காடு முழுக்க பீடியும் தீப்பெட்டியும். முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளை, கடன் தீரும்வரை இலையை வெட்டிக்கொண்டு உட்கார்ந்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. எங்களோடு வேலை செய்யும் ஒருவரின் கட்டைவிரல் நகம் இன்றைக்கும் அதற்குச் சாட்சி. அங்கேயும் யாரோ ஒருவர் "பிள்ளைக்குத்தானே, கைத்தொழில்தானே" என்றுதான் ஆரம்பித்திருப்பார்.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், 2016இல் திருத்தியபின், 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்கிறது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் சொந்த வீட்டுப் பிள்ளை கைகொடுப்பதற்கு விலக்கு உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளை நம் குடும்பம் ஆகாது. லீவு நாளில் விளையாட்டாகக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் செய்தது அவர்களுக்கே. கோணலாக ஒரு வளையல் செய்து தங்கச்சி கையில் மாட்டிவிடட்டும். வேலை கொடுக்க வேண்டும் என்றால் அம்மாக்களுக்குக் கொடுங்கள், புகையிலைத் தூசி இல்லாத வேலை, ஜோடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டிப் பேசிய கூலி. அம்மா கையில் காசு வந்தால் பிள்ளைக்கு நாம் எதற்கு?

வேலை செய்ய வைக்கப்படும் பிள்ளையைப் பார்த்தால் 1098க்குக் கூப்பிடுங்கள். காசு ஆகாது.

ட்ரஸ்ட் பதிவு செய்ய வேண்டுமா? ஜிஎஸ்டி?

ட்ரஸ்ட் தேவையில்லை. நீங்கள் நகை விற்கும் ஒரு தனிநபர் தொழில். அதில் வந்ததிலிருந்து கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் "நன்கொடை தாருங்கள்" என்று பொதுமக்களிடம் க்யூஆர் கோடு நீட்டாதீர்கள். நகையை மட்டும் விற்றுக் காசு வாங்குங்கள்.

உத்யம் என்ற சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேர வேலை, கட்டணம் கிடையாது. இரண்டாயிரம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. ஜிஎஸ்டி, பொருள் விற்பவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான். அந்தக் கவலை வரும் நாள் வரட்டும். தமிழ்நாட்டுக்குள் ஆன்லைன் சந்தைகள் வழியாக விற்பதற்கும் 2023 அக்டோபர் முதல் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி எண் கட்டாயம் இல்லை, பான் கொடுத்துப் பதிந்தால் போதும். வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும்போது ஆடிட்டரிடம் ஒருமுறை உட்காருங்கள். கையால் செய்த இமிடேஷன் நகை கைவினைப் பொருள் பட்டியலில் இருப்பதால் சலுகை உண்டு, அதற்கு நிபந்தனைகளும் உண்டு. ஜிஎஸ்டி கட்டும் நிலைமை வந்தால் இமிடேஷன் நகைக்கு 3 சதவீதம்.

வருமான வரிக்கு, 180 ரூபாயும் உங்கள் வரவுதான். அந்த 20ஐ வாங்கியவரின் நன்கொடை என்று கழிக்க முடியாது. நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி அங்கீகாரம் உள்ள அமைப்புக்குக் கொடுத்து, பழைய வரிமுறையில் நீங்கள் இருந்தால் உங்களுக்குக் கழிவு கிடைக்கும். அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

துபாயில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்புகிறேன் என்கிறார்.

நகை வாங்கட்டும், பில் போட்டு அனுப்புங்கள். அது வியாபாரம். வெளிநாட்டிலிருந்து நன்கொடை என்றால் அதற்கென்று மத்திய அரசில் பதிவு பெற்ற அமைப்புக்கு அவரே நேராக அனுப்பிக்கொள்ளட்டும்.

எங்கே விற்பது?

முதலில் அக்கம்பக்கம், ஆபீஸ், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. நவராத்திரி கொலுவுக்கு வைத்துக்கொடுக்கச் சின்ன ஜோடிகள் ஆவணியிலேயே தயாராக இருக்க வேண்டும். சித்ரா பௌர்ணமி ராத்திரி புஷ்பப் பல்லக்கு பார்க்க வேலூரே தெருவில் நிற்கும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் 180 ரூபாய் ஜிமிக்கி போகாது. நாற்பது ஐம்பது ரூபாய்க்கு நூல் வளையல் கொண்டுபோங்கள். சாலையோரம் நிரந்தரமாக உட்கார மாநகராட்சியின் சாலையோர வியாபாரி அட்டை வேண்டும். மகளிர் குழுவில் இருந்தால் பூமாலை வணிக வளாகம், கல்லூரிச் சந்தை போன்ற இடங்களுக்கு மகளிர் திட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். விஐடி மாணவிகள் இன்ஸ்டாகிராமில் பார்த்து ஹாஸ்டலுக்கே பத்து ஜோடி கேட்பார்கள். பரீட்சை நேரத்திலும் லீவிலும் சத்தமே இருக்காது.

சிஎம்சி மருத்துவமனை எதிரே காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஏதாவது வாங்கிப் போவார்கள். ஒரு நாளுக்கு மேல் ரயிலில் போக வேண்டியவர்கள், உடையாத நூல் நகைதான் அவர்களுக்கு. நான்கு வார்த்தை வங்காளம் கற்றுக்கொண்டேன். அங்கே மட்டும் நாங்கள் பிள்ளைகள் அட்டையை வைப்பதில்லை. ஒரு நாள் அட்டையைப் படித்துக் காட்டச் சொன்ன அம்மா, கேட்டுவிட்டு, கூட இருந்த மகனின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார். அந்தப் பணம் அவருக்கு மருந்துச் செலவு. ராத்திரி தூக்கம் வரவில்லை.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இலவசமாக, சாப்பாட்டோடு. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இமிடேஷன் நகை செய்யும் வகுப்பு எப்போது என்று கேட்டுப் பெயர் கொடுத்துவையுங்கள். கணக்கு எழுதச் சொல்லித் தரும் வகுப்பைத் தூங்கிக் கழிக்காதீர்கள்.

நான் ஆம்பூர். வேலூர் கலெக்டர் ஆபீஸ் போக வேண்டுமா?

இல்லை, திருப்பத்தூர். 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை. ஆரணி திருவண்ணாமலை. குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, காட்பாடிக்காரர்கள் வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிக்கு வாருங்கள்.

வீட்டில் "நம்ம பிள்ளைக்கே பீஸ் கட்ட முடியலை, ஊர்ப் பிள்ளைக்கா?" என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. அதற்குத்தான் அந்த 60 ரூபாய் கூலி. அது உங்கள் வீட்டுக்கு. அதை எழுதாமல் விட்டால் வீட்டில் கேட்பதுதான் சரி.

நடுவில் உடம்பு முடியாமல் நிறுத்த நேர்ந்தால், நம்பியிருந்த பிள்ளைகள்?

அதனால்தான் மாதாமாதம் பீஸ் கட்டுகிறேன் என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். கண்ணாடி மாதிரி, ஒருமுறை செய்தால் முடிகிற உதவியாகப் பாருங்கள். அப்படியும் ஒரு பிள்ளை மனதில் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். எங்களுக்கும் ஒருத்தி இருக்கிறாள், பிளஸ் டூ. அவளுக்கு மட்டும் பஸ் காசு மாதாமாதம் போகிறது. பரீட்சை முடியும்வரைக்கான தொகையைப் போன ஜூனிலேயே தனியாக எடுத்துவைத்துவிட்டோம், தலைமையாசிரியர் கையில். அந்தக் கவரின் மேல் அவள் பெயர் கிடையாது, மாதங்களின் பெயர்தான்.